தங்கை விலகிக்கொண்ட வழக்கு

திருப்பதி
14.7.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

சந்தியா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். சாந்திபுரத்தில் நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணிக்கு வாந்தி நின்றதா? மாங்காய் கேட்டால் விலை பார்க்காமல் வாங்கிக் கொடு. ஜூஸ் கம்பெனிக்காரர்கள் லாரியோடு வந்து தோப்புத் தோப்பாக அள்ளிக்கொண்டு போய்விட்டதாக ஊரில் நைனா புலம்பினார். அவருக்கு மரமே இல்லை, ஊர் மரத்துக்கெல்லாம் சேர்த்துப் புலம்புகிறார்.

என் பாடு வழக்கம்போல ஓட்டம்தான். பகலில் சித்தூர் கோர்ட்டு, வாரத்தில் இரண்டு நாள் மாலையில் இங்கே லா காலேஜில் மனித உரிமை வகுப்பு. பாகாலா வரும்வரை பஸ்ஸில் நின்றபடியேதான் போகிறேன். பிள்ளைகள் எல்லாம் கம்பெனிச் சட்டம் படிக்க முண்டியடிக்கிறார்கள். பெங்களூரில் புதிது புதிதாகக் கம்பெனி திறக்கிறார்களாம், படித்து முடித்ததும் சூட்கேஸோடு ரயில் ஏறிவிடுவார்களாம். என் வகுப்புக்கு வருகிறவர்கள் எனக்காக வருகிறார்களா, அந்த அறையின் ஃபேனுக்காக வருகிறார்களா என்பது இன்னும் தீர்ப்பாகவில்லை.

ஒரு புது வழக்கு வந்திருக்கிறது. கமலம்மா என்று ஒரு பெண், நம் ஜனம்தான். புருஷன் ரங்கன் உங்கள் பக்கம் கிரானைட் குவாரியில் கல் உடைக்கிறவன். துளைபோடும் மிஷின் ஒன்று காணாமல் போய்விட்டதென்று குவாரிக்காரர் புகார் கொடுத்திருக்கிறார். காலையில் பூதலப்பள்ளி ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். பொழுது சாய்வதற்குள் ஆள் இல்லை. வலிப்பு வந்து செத்தான் என்கிறார்கள். "அவருக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்லம்மா" என்கிறாள் கமலம்மா. அழவில்லை.

எடுத்துக்கொண்டேன். போலீஸ்கார அண்ணன் சம்பளத்தில் சட்டம் படித்துவிட்டு போலீஸ் மேலேயே வழக்குப் போடுகிறவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பூதலப்பள்ளி உன் ஸ்டேஷன் இல்லைதான், ஆனாலும் பக்கம். ஏதாவது காதில் விழுந்ததா? மறக்காமல் எழுது.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சந்தியா


சாந்திபுரம்
2.8.1997

அன்புத் தங்கை சந்தியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். ஷோபாவுக்கு வாந்தி நின்றுவிட்டது. இப்போது இரண்டு பேருக்குச் சாப்பிடுகிறாள், எனக்குத்தான் மிச்சம் இருப்பதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பஸ்ஸில் நின்றுகொண்டு போகாதே. கண்டக்டரிடம் போலீஸ்காரர் தங்கை என்று சொன்னால் சீட்டு தருவான்.

ஆடி பிறந்ததும் ஊருக்குப் போய் ஒரு நாள் தங்கினேன். நைனா வழக்கப்படி என் காக்கிச் சட்டையைப் பிடுங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் அவரே துவைத்தார். துவைத்ததைக் கொல்லையில் காயப்போட்டால் என்ன? ரோட்டுப் பக்கம்தான் போடுவார். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்க வேண்டுமாம். நம் வம்சத்தில் முதல் கவர்மெண்டு உத்தியோகம் என்று அன்றைக்கும் இரண்டு பேரைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்.

நீ எழுதிய வழக்கு வேண்டாம் சந்தியா. சித்தூரில் வக்கீலுக்குப் பஞ்சமில்லை, யாராவது எடுப்பார்கள். நீ காலேஜ் வேலைக்கு முழுநேரமாக எழுதிப் போடு. மாதச் சம்பளம், அலைச்சல் இல்லை.

குவாரி ஸ்டிரைக் என்று எங்களையெல்லாம் பந்தோபஸ்துக்கு அங்கும் இங்கும் போட்டு அலைக்கழித்தார்கள். அதுதான் பதில் எழுதத் தாமதம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
பரணி


திருப்பதி
25.8.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலமே. இங்கே ஒரு மழை பெய்து மலை பச்சையாக இருக்கிறது. அங்கே மழை உண்டா? ஊரில் நைனா கடலைக்காய் போட்டிருக்கிறாரே, அதற்கு ஒரு மழை வேண்டும்.

நீ சொன்ன பேச்சை நான் எப்போது கேட்டிருக்கிறேன்? வழக்குப் போட்டாகிவிட்டது. ஹைதராபாத் ஐகோர்ட்டே உத்தரவு போட்டுவிட்டது. சித்தூர் ஜட்ஜ் ஒருவர் நேரில் விசாரித்து, ரங்கன் எப்படிச் செத்தான் என்று அறிக்கை தரவேண்டும். என் சீனியர் வெங்கடரமணன் சார் சுலபத்தில் வாய் திறந்து ஒருத்தரையும் பாராட்டாதவர். அவரே காபியை வைத்துவிட்டு, "இந்த ஒரு கேஸு போதும்மா, உன் பேரு கோர்ட்டுல நிக்கும்" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

காலேஜ் வேலை பற்றிச் சொன்னாய். போன வாரம் பிரின்சிபால் கூப்பிட்டே கேட்டார். ஆனால் முழுநேர வேலை என்றால் பார் கவுன்சிலில் என் சன்னத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் எந்தக் கோர்ட்டிலும் நான் வாதாட முடியாது. நீ ஓவர்டியூட்டி பார்த்து வாங்கிக் கொடுத்த கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டவா நான் படித்தேன்? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று கேட்டேனே, பூதலப்பள்ளியைப் பற்றி. அதற்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை.

அண்ணிக்கு வளைகாப்பு எப்போது? நாள் குறித்ததும் எழுது. வளையல் நான்தான் வாங்கி வருவேன்.

சந்தியா


சாந்திபுரம்
20.9.1997

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ நலமாக இருக்கவேண்டும்.

ஷோபாவுக்கு வளைகாப்பு வரும் முகூர்த்தத்தில் வைத்திருக்கிறது. அவள் அம்மா வீட்டில், புத்தூரில். முடிந்ததும் அங்கேயே தங்குவாள். இங்கே நான் தனிச் சமையல். நேற்று சாம்பாரில் புளி போட மறந்தேன்.

சன்னத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரியாமல் சொல்லிவிட்டேன், மனதில் வைக்காதே.

அந்தக் கமலம்மாவுக்குச் சாப்பாட்டுக்கு வழி இருக்கிறதா? குழந்தைக்குக் காது குத்தினார்களா, இல்லை அப்படியே நின்றுவிட்டதா? யாராவது மனிதர்கள் கூட இருக்கிறார்களா? உனக்குத் தெரிந்தால் எழுது.

பரணி


திருப்பதி
18.10.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். வளைகாப்பில் உன்னோடு பேசவே முடியவில்லை. பந்தி பந்தியாகப் பரிமாறிக்கொண்டே இருந்தாய். என் கண்ணைப் பார்க்காமல் பாயசம் ஊற்றியது நீ ஒருவன்தான்.

இந்தக் கடிதத்தை நிதானமாகப் படி.

கமலம்மா என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டாள். ரங்கன் ஊரும் பூதலப்பள்ளியும், இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடிப் பேசி, காணிப்பாக்கத்தில் பிரமாணம் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறார்கள். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளத்தில் முழுகி, ஈரத்தோடு பிள்ளையார் எதிரில் நின்று சத்தியம் செய்துவிட்டால் நம் பக்கத்தில் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் யாரும் அந்த விஷயத்தை எடுக்கக்கூடாது. அன்றைக்கு ஸ்டேஷனில் இருந்த போலீஸ்காரர்கள் எல்லாரும் வந்து, "நாங்கள் ரங்கனை அடிக்கவில்லை" என்று சொல்லிவிட்டால் கமலம்மா வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். எஸ்.ஐ. வெளி மாவட்டத்துக்காரர். இவ்வளவுதானா என்று உடனே ஒப்புக்கொண்டாராம். ஒரு முழுக்கில் வழக்கு கரைகிறதென்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "ஐகோர்ட்டு உத்தரவைக் குளத்தில் போடுகிறாயா?" என்று கத்தினேன். "அவங்க பொய்ச் சத்தியம் பண்ண மாட்டாங்கம்மா" என்று ஒரே பிடிவாதம். சட்டம் படித்தவள் அங்கே வந்து நிற்க முடியாது என்று சொல்லி நான் போகவில்லை.

மறுநாள் வந்து சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"எஸ்.ஐ. மொதல்ல முழுவிட்டு வந்தாரு. கற்பூரத்த தொட்டு சொல்லிட்டாரு, கண்ணுகூட சிமிட்டல. ஏட்டுக்கு ஜொரம்னு ஆளே வர்ல. இன்னொரு போலீசு, நெட்டையா இருந்தாரு. முழுவி எந்திரிச்சி ஈரத்தோட படியேறி வந்தாரு. வாசப்படி கிட்ட வந்ததும் நின்னுட்டாரு. காத தேச்சிக்கினே நிக்கிறாரு. எஸ்.ஐ. உள்ள இருந்து கூப்புட்டுக்கினே கீறாரு. இவரு நேரா எங்கிட்ட வந்து, 'அம்மா, என்னால ஆவாது'ன்னு சொல்லிட்டு, அப்டியே சொட்டச் சொட்ட நடந்து போயி பஸ்ஸு ஏறிட்டாரு."

ஆகவே பிரமாணம் முடியவில்லை, வழக்கு நிற்கிறது. அவள் சொல்லிவிட்டுப் போன பிறகும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. யோசனை வந்தால் காதைத் தேய்க்கிற நெட்டை ஆளை எனக்குத் தெரியும். நைனாவுக்கும் அதே பழக்கம்.

அப்புறம் உன் போன கடிதத்தை எடுத்துப் படித்தேன். குழந்தைக்குக் காது குத்தினார்களா என்று கேட்டிருக்கிறாய். கமலம்மாவுக்குக் குழந்தை இருப்பதையே நான் உனக்கு எழுதவில்லை. காதுகுத்தைப் பற்றி அவளைக் கேட்டேன். ரங்கன் செத்த வாரத்து வெள்ளிக்கிழமைக்கு நாள் வைத்திருந்ததாகவும், அது வீட்டு மனிதர்களைத் தவிர யாருக்கும் தெரியாது என்றும் சொன்னாள். ரங்கன் சொல்லாமல் உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அண்ணா, அன்றைக்கு நீ அங்கே இருந்தாயா?

சந்தியா


திருப்பதி
30.11.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம். அங்கேயும் எல்லாரும் நலமா?

பதில் வரவில்லை. கேட்டதைத் திரும்பக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அண்ணிக்கு மாதம் நெருங்கிவிட்டதே, என்ன ஏது என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. ஒரு கார்டு போட்டால் போதும். சமையலில் புளி போடு.

சந்தியா


புத்தூர்
26.12.1997

அன்புத் தங்கை சந்தியாவுக்கு,

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் குழந்தையும் சுகம். நீ கவலைப்பட்டிருப்பாய். முந்தியே எழுதியிருக்க வேண்டும்.

குழந்தைக்கு உன் நெற்றி. அழுதால் தெருவே கேட்கிறது, அதுவும் உன்னைப் போலத்தான். பேரனில்லையே என்று நைனாவிடம் யாரோ பேச்செடுத்திருக்கிறார்கள். "எங்க வூட்ல பொண்ணுதான்யா வக்கீலு" என்று அந்த ஆளை ஓட்டிவிட்டாராம். பேர் வைக்க அத்தை வரவேண்டும் என்று ஷோபா சொல்கிறாள். நீ வந்து காதில் பேர் சொன்னால்தான் பேர்.

நீ கேட்டதற்கு எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். கை வரவில்லை. இந்தச் சட்டை போனால் நான் என்ன, நைனா என்ன, இந்தக் குழந்தை என்ன? வேறு எந்தத் தொழிலும் எனக்குத் தெரியாது. வாய் திறந்தவனை டிபார்ட்மென்ட் வைத்திருக்காது. கண்ணை மூடினால் அந்த மத்தியானம் வருகிறது. குழந்தையைத் தூக்கும்போதும் வருகிறது.

என்னைக் கேட்காதே அம்மா. உன் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

பரணி


திருப்பதி
6.1.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

குழந்தைக்கு ஆயிரம் முத்தம். அண்ணியை வெந்நீரில் குளிக்கச் சொல். நான் நலமாக இருக்கிறேன். நீ தூங்குகிறாயா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

உன் கடிதத்தைப் படித்தேன். அதைப் பத்திரமாக வைக்கவில்லை, அன்றே அடுப்பில் போட்டுவிட்டேன். யார் கையிலும் அது கிடைக்கக்கூடாது. நீயாக வாய் திறக்காமல் உன் வார்த்தை வெளியே வரக்கூடாது.

ஜட்ஜ் விசாரணை மாசி கழிந்ததும் ஆரம்பம். அன்றைக்கு ஸ்டேஷனில் இருந்தவர்கள் எல்லாருக்கும் சம்மன் வரும். உனக்கும் வரும். அங்கே நான் கமலம்மாவின் வக்கீலாக நிற்க, நீ சாட்சிக் கூண்டில் நின்றால் என்ன ஆகும்? நீ உள்ளதைச் சொன்னால், "தங்கை வீட்டில் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தாள்" என்று ஒரே வரியில் உன் வார்த்தையைக் குப்பையில் போடுவார்கள். ரங்கனுக்கு இருக்கிற ஒரே சாட்சி அதோடு போய்விடும். நீ ஒன்றும் தெரியாது என்று சொன்னாலோ, அண்ணனைக் காப்பாற்ற வழக்கை நானே சாய்த்தேன் என்பார்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதையுமே உன்னால் சொல்ல முடியாது.

அதனால் நான் விலகிக்கொண்டேன். வழக்குக் கட்டை வெங்கடரமணன் சாரிடம் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்டார். "குடும்பக் காரணம் சார்" என்றேன். கட்டை வாங்கித் தன் மேஜை மேல் வைத்துக்கொண்டு, "சரிம்மா" என்றார். கமலம்மாவிடம் சொன்னபோதுதான் கஷ்டமாக இருந்தது. "நீயும் போறியாம்மா?" என்று கேட்டாள். அவள் தம்பி பெங்களூருக்குக் கூப்பிடுகிறான், கட்டட வேலைக்கு. விசாரணை முடியும்வரை இரு என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

காலேஜ் வேலையை ஒப்புக்கொண்டேன். சன்னத்தையும் அனுப்பிவிட்டேன். சித்தூர்ப் பக்கம் நான் இருந்தால் பேச்சு வரும். எனக்கு வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். வலிக்கிறது அண்ணா. அந்த வழக்கு என் வழக்கு. ஆனால் உன்னைவிடப் பெரிய வழக்கு எனக்கு இல்லை.

நீ என்ன சொல்லவேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லாமல் போனாலும் நீதான் என் அண்ணன். அதை மட்டும் சந்தேகப்படாதே.

விசாரணை முடியும்வரை எனக்கு எழுதாதே, நானும் எழுத மாட்டேன். பொங்கலுக்கு வரமாட்டேன். நைனாவிடம் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறாள் என்று சொல். பேர் வைப்பதையும் எனக்காக நிறுத்தாதே. அண்ணியின் அண்ணி யாராவது சொல்லட்டும். என்ன பேர் என்று அப்புறம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

என்றும் உன்
சந்தியா


கங்காதர நெல்லூர்
4.6.1998

என் தங்கை சந்தியாவுக்கு,

எப்படி இருக்கிறாய்? இளைத்துவிட்டாயா? இனி எழுதலாம் என்று வெங்கடரமணன் சார் சொன்னார். சொன்ன அன்றே பேனாவை எடுத்துவிட்டேன்.

சொல்லிவிட்டேன் சந்தியா.

சம்மன் வந்த நாளிலிருந்து எஸ்.ஐ. ஆள் மேல் ஆள் அனுப்பினார். புரமோஷன் என்றார்கள். சொந்த ஊருக்கு டிரான்ஸ்பர் என்றார்கள். கூண்டில் ஏறும்வரை நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஏறி நிமிர்ந்தால் எதிரில் அந்தம்மா. மடியில் குழந்தை. காதில் சின்னத் தோடு. அதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

குவாரி பந்தோபஸ்துக்கு வந்த என்னை அன்றைக்கு ஸ்டேஷனில் சென்ட்ரி காவலுக்கு நிறுத்தினார்கள் என்றேன். எஸ்.ஐ. லத்தியால் அடித்ததைப் பார்த்தேன் என்றேன். நடுவில் அவர் வெளியே போன சமயம் ரங்கன் தண்ணீர் கேட்டதையும், நான் கொடுத்ததையும் சொன்னேன். "வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்தணும் சார், அதுக்குள்ள வுட்ருவாங்களா?" என்று அவன் கேட்டதையும் சொன்னேன். விட்டுவிடுவார்கள் என்று நான் அவனுக்குச் சொன்னதையும் சொன்னேன். நான் நம்பித்தான் சொன்னேன். எஸ்.ஐ. திரும்பி வந்து மறுபடி அடித்தார். அதற்கப்புறம் அவன் எதுவும் கேட்கவில்லை. வலிப்பு வரவில்லை என்றும் சொல்லிவிட்டேன்.

போலீஸ் தரப்பு வக்கீல் நீ எழுதியபடியேதான் வந்தார். "இந்த வழக்கைப் போட்ட வக்கீல் சந்தியா உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். தங்கை என்றேன். கோர்ட்டில் ஒரே சலசலப்பு. "அப்படியானால் இதெல்லாம் அவள் சொல்லிக் கொடுத்ததுதானே?" என்றார். அதுவரை தெலுங்கில் கேட்டதற்குத் தெலுங்கில்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தக் கேள்விக்குத் தமிழ்தான் வந்தது. "என் தங்கச்சி எங்கிட்ட பேசி நாலு மாசம் ஆவுது சார். நான் பெத்த கொழந்தைய அவ இன்னும் பாக்கல" என்றேன். செத்தவனைப் பற்றிச் சொல்லும்போது கலங்காமல் நின்ற நான் அங்கே அழுதுவிட்டேன். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். ஜட்ஜ் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அறிக்கை கமலம்மா பக்கம் வந்திருக்கிறது. எஸ்.ஐ. மேல் கொலை வழக்குப் போடச் சொல்லியிருக்கிறார் ஜட்ஜ். கமலம்மா போகும்போது குழந்தையை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுப் போனாள்.

எனக்கு சஸ்பென்ஷன். டியூட்டியில் ஒழுங்கீனம் என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டோம். நைனா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில் கேட்டார்.

"அந்தப் பையன் தண்ணி கேட்டானாடா?"

"ஆமா நைனா."

"குட்த்தியா?"

"குட்த்தேன்."

"அப்பறம் இன்னாடா? வந்து துன்னு."

அவ்வளவுதான். இப்போது விடிந்ததும் என்னைக் கரும்புக்குத் தண்ணீர் கட்டக் கூட்டிக்கொண்டு போகிறார். எனக்கு மடை திருப்பத் தெரியவில்லை என்று எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. வேறு யாரையும் ஷோபா கிட்டே விடவில்லை. பாப்பா என்றே கூப்பிடுகிறோம். உன் கோட்டை ஆணியில் மாட்ட வைத்துவிட்டேன் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. மற்றபடி ராத்திரி தூக்கம் வருகிறது.

உன் அண்ணன்,
பரணி


திருப்பதி
9.6.1998

என் அண்ணனுக்கு,

நான் இளைக்கவில்லை, ஹாஸ்டல் சாப்பாட்டில் ஊதிவிட்டேன். அண்ணிக்கும் பாப்பாவுக்கும் நைனாவுக்கும் என் அன்பு.

வகுப்புக்குள் போகிற சமயம் உன் கடிதம் வந்தது. நின்றபடியே படித்தேன். பிள்ளைகள் எதிரில் அழுதேன். வெட்கமாக இல்லை. "மேடம், வீட்டில் ஏதாவது கெட்ட சேதியா?" என்று ஒரு பெண் கேட்டாள். "இல்லம்மா, எங்க அண்ணன் சாட்சி சொல்லிட்டாரு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்குப் பாடத்தை விட்டுவிட்டு, சாட்சி என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொன்னேன். கம்பெனிச் சட்டத்துக்காரர்கள்கூட வாசலில் வந்து நின்றார்கள். எனக்குத் தெரிந்து நான் எடுத்த நல்ல வகுப்பு அது ஒன்றுதான்.

முடித்துவிட்டு நேரே பிரின்சிபால் அறைக்குப் போனேன். முழுநேர வேலை வேண்டாம், பழையபடி வாரத்தில் இரண்டு நாள் மாலை மட்டும் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, பைத்தியமா என்று கேட்டார். இருக்கலாம் சார் என்றேன். சன்னத்தைத் திரும்பக் கேட்டு பார் கவுன்சிலுக்கும் விண்ணப்பம் போய்விட்டது. வந்துவிடும். கமலம்மாவின் வழக்கை இனி வெங்கடரமணன் சாரே பார்க்கட்டும். அதில் எனக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது.

எனக்கு வேறு வழக்கு இருக்கிறது. ஜட்ஜ் எதிரில் உண்மை சொன்னதற்கு ஒரு கான்ஸ்டபிளை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். கவர்மெண்டு ஊழியர்களுக்கென்று இருக்கிற ஹைதராபாத் டிரிப்யூனலில் அதை உடைக்க வேண்டும். எவ்வளவு நாள் இழுக்கும் என்று தெரியாது. ஜெயிப்போம் என்று உறுதியும் சொல்ல மாட்டேன், நீதான் பொய் பிடிக்காதவனாயிற்றே. ஆனால் கூண்டுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். அன்றைக்கு உன் தங்கை என்பதற்காக விலகினேன். தங்கை அண்ணனுக்கு வாதாடக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பாப்பாவைக் குளிப்பாட்டி வை. முதலில் பேர், அப்புறம் வக்காலத்தில் உன் கையெழுத்து. நைனாவுக்கு மட்டும் இப்போதே சொல்லிவிடு, ரோட்டில் நாலு பேரிடம் சொல்ல அவருக்கு நேரம் வேண்டும்.

நான் வரும்வரை டிபார்ட்மென்டிலிருந்து யார் வந்து எதைக் கேட்டாலும் எதிலும் கையெழுத்துப் போடாதே, வாயும் திறக்காதே. என் வக்கீலைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் வக்கீல்
சந்தியா